பூசாரி கேட்ட கேள்வி

போன லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது, சித்தப்பா கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்ப எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று ஒருநாள் காலையில் போனில் பார்த்தேன். இருபத்திரண்டு நிமிடம். பார்த்திருக்கக் கூடாதுதான். ஒரு மனுசனோட கஷ்டத்துக்கு ஸ்டொப்வொட்ச் வைக்கிறது நல்ல பழக்கமில்லை. ஆனால் சித்தி “அரை மணித்தியாலம்” என்கிறார், அவர் “ரெண்டு நிமிசந்தான்” என்கிறார், நடுவில் நான் யாரை நம்புவது?

தாழ்ப்பாளைப் போடுவார். பூட்டை மாட்டி அமுக்குவார். மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். இஸ்தோப்பைத் தாண்டி நாலு எட்டு வைப்பார். நிற்பார். திரும்பி வந்து பூட்டைத் திறந்து முதலிலிருந்து தொடங்குவார். எங்கள் லயத்துக் காம்பராவுக்குள் களவு போகிற மாதிரி எதுவும் கிடையாது. அது அவருக்கும் தெரியும். “பூட்டியாச்சுன்னு தெரியுது புள்ள, ஆனா மனசு கேக்க மாட்டேங்குது” என்றார்.

அவர் எப்போதும் இப்படி இருந்தவர் இல்லை. பசறைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுவதில் பேர்போன ஆள். வொலிபோல் மெட்ச் என்றால் கதவைச் சாத்தக்கூட மறந்து, டிவிசன் விட்டு டிவிசன் ஓடுவார். நான் ஏ.எல். எழுதின வருசம், கொழுந்து லொறியின் பின்னால் தொற்றிக்கொண்டு வரும்போது கோயிலுக்குக் கீழே உள்ள வளைவில் விழுந்துவிட்டார். பின்னந்தலை கல்லில் அடித்தது. காதில் இரத்தம். இரண்டு நாள் நினைவில்லை. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றித் தந்தார்கள், அதில் எங்களுக்கு நன்றிதான். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது, வாந்தி வந்தால், வலிப்பு வந்தால், தலைவலி கூடினால் உடனே கொண்டு வரவேண்டும் என்று சொன்னார்கள். அதையெல்லாம் சித்தி மனப்பாடமாக வைத்திருந்தார். ஆள் மாறலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

நாலு மாசம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பீலிக்கரையில் தொடங்கியது. கை கழுவிக்கொண்டே நிற்பார், பின்னால் குடத்தோடு பொம்பளைகள் வரிசையில் நின்று ஏசும்வரை. அதற்கப்புறம் தாழ்ப்பாள். அதற்கப்புறம் எண்ணிக்கை. லயத்திலிருந்து பிரட்டுக்களத்துக்கு எத்தனை எட்டு என்று எண்ணிக்கொண்டே போவார், நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்துக் கணக்குப் பிசகினால் திரும்பிவந்து படியிலிருந்து ஆரம்பிப்பார். பிரட்டுக்குப் பிந்தினால் பேர் இல்லை, இல்லாவிட்டால் அரைப்பேர். வேலை இல்லாத நாளில் இஸ்தோப்பில் சும்மா உட்கார்ந்திருப்பார், மணிக்கணக்காக. விறகு வெட்டச் சொன்னால் எழுந்து போய் ஒழுங்காக வெட்டுவார். சொல்லாவிட்டால் எழும்ப மாட்டார்.

இதற்குத் தோட்டத்தில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. கங்காணி “வேலைக் கள்ளன்” என்றார். பக்கத்துக் காம்பராக்காரர்கள் தண்ணி அடித்து அடித்து மூளை குழம்பிவிட்டது என்றார்கள் (அவர் குடிக்கிறவர்தான், எல்லாரையும் போல, சம்பள நாளில்). அப்பாயி “முனி அடிச்சிருச்சு” என்றார். நாலாவது விளக்கம் சித்தியுடையது, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கதவைத் திரும்பத் திரும்ப வந்து பார்க்கிறாரே, நம்மைத்தான் சந்தேகப்படுகிறாரோ என்று உள்ளுக்குள் வைத்து வெந்துகொண்டிருந்தார். ஒருநாள் அது சண்டையாக வெடித்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மடுல்சீமையில் உள்ள அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு மாசம் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் நடந்த ஆகப் பெரிய சேதம் அந்த இரண்டு மாசம்தான். அதைத் தடுத்திருக்கலாம் என்பதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பாயி சொல்லி, பூசாரியைக் கூட்டிவந்தார்கள். நான் அப்போது கெம்பஸ் கிடைத்து வீட்டில் காத்திருந்த காலம், இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன். ஆனால் காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பூசாரி உட்கார்ந்ததும் கேட்டது இதுதான்: “எப்ப தொடங்குச்சு? அதுக்கு முன்னாடி எங்கயாவது விழுந்தானா, பயந்தானா? விழறதுக்கு முன்ன எப்படி இருந்தான்?”

அதற்குப் பிறகு வளைவில் கழிப்புக் கழித்ததும், சேவல் ஒன்று போனதும், எதுவும் குறையாததும் எதிர்பார்த்த கதைதான். எனக்கு இன்றுவரைக்கும் மனசில் நிற்பது அந்தக் கேள்வி. எங்கள் ஊரில் சாமிகளுக்குப் பஞ்சமில்லை. ஃபெக்டரிக்கு ரோதமுனி, கவ்வாத்துக்குக் கவ்வாத்துசாமி, அணைக்கட்டுக்கு ஒன்று, வளைவுக்கு ஒன்று. வேலையில் ஆபத்து எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு கல்லை நட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு ஆள் விழுந்ததையும், அந்த ஆள் மாறினதையும் ஒரே கயிற்றில் கட்டிப் பார்க்க அப்பாயிக்குத் தெரிந்திருந்தது. மருந்து பிழை. கேள்வி சரி. கிளினிக்கில் அதுவரைக்கும் அந்தக் கேள்வியை எங்களிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

கெம்பஸில் எனக்கு மெய்யியலோடு உளவியலும் ஒரு பாடம். எண்ணச் சுழற்சி நோய், அதாவது ஓ.சி.டி. பற்றிய ஒரு அசைன்மன்டுக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு குளவி குறுக்கே வந்தது.

மலையகத்தில் வளர்ந்தவர்களுக்குக் குளவியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ‘குளவிக் கொட்டுக்கு இலக்காகித் தொழிலாளர்கள் வைத்தியசாலையில்’ என்பது எங்கள் பத்திரிகைகளில் எப்போதும் வரும் செய்தி. பிரான்ஸில் டொமினிக் லாப்லான் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1980களில் ஒரு வகை நோயாளிகளைப் பற்றி எழுதிவந்தார்கள். அதில் ஒருவர், குளவி கொட்டியதற்கு உடம்பு காட்டிய கடும் எதிர்வினையால் கோமாவுக்குப் போய்ப் பிழைத்தவர். வேறு சிலர் காபன் மொனொக்சைட் நச்சுப் புகையில் அகப்பட்டவர்கள். 1989இல் வந்த கட்டுரையில் மொத்தம் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் மூளையின் ஆழத்தில், இரண்டு பக்கமும், ஏறத்தாழ ஒரே பகுதியில் சேதம். குளவி கொட்டிய ஆளுக்குப் பேச்சும் அறிவும் நன்றாகவே மிஞ்சியிருந்தன. ஆனால் மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தார். யாரும் சொல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்பார். சொன்னால் செய்வார்.

அந்தக் கடைசி இரண்டு வரியை நூலகத்தில் வைத்து எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் எங்கள் சித்தப்பாவை யாரோ பார்த்துவிட்டு பிரெஞ்சில் எழுதின மாதிரி இருந்தது. “சோம்பேறி” என்று நாங்கள் எல்லோரும், நானும்தான், அவரை ஏசியிருக்கிறோம்.

(இதைப் படித்துவிட்டு “குளவி கொட்டினால் ஓ.சி.டி. வரும்” என்று யாரும் வட்சப் குரூப்பில் போட்டுவிடாதீங்க. மருத்துவ வரலாற்றிலேயே அபூர்வமான கேஸ் அது. குளவியால் எங்கள் மலைகளில் உயிர் போகிறது என்பதே பயப்படப் போதுமான காரணம்.)

மூளையின் நடுவே ஆழத்தில் பேசல் கங்லியா என்ற நரம்புத் திரள்கள் இருக்கின்றன. நெற்றிக்குப் பின்னால், கண்குழிகளுக்குச் சற்று மேலே உள்ள மூளைப் பகுதியிலிருந்து செய்தி இங்கே இறங்குகிறது. இங்கிருந்து தலமஸ் என்ற சந்திக்குப் போய், அங்கிருந்து மறுபடி நெற்றிப் பக்கமே ஏறுகிறது. ஒரு வட்டம். எதைத் தொடங்குவது, எதை விடுவது, எது முடிந்துவிட்டது என்று பிரித்துப் பார்ப்பதில் இந்த வட்டத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஓ.சி.டி. உள்ளவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகள், இந்த வட்டம் தேவைக்கு அதிகமாக வேலை செய்வதை 1980களின் பிற்பகுதியிலிருந்து திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன.

தோட்டத்து ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்த நான் கண்டுபிடித்த வழி, ஃபெக்டரிச் சங்கு. சங்கு ஊதினால்தான் வேலை முடிந்த மாதிரி. ஊதவில்லையென்றால்? வெயில் சாய்ந்தது கண்ணுக்குத் தெரிகிறது, கூடை நிறைந்தது தோளுக்குத் தெரிகிறது, ஆனாலும் மலையை விட்டு இறங்க முடியாது. சித்தப்பா பூட்டைப் பூட்டினதை அவர் கண் பார்த்தது, கை தொட்டது. உள்ளே சங்கு ஊதவில்லை. அவ்வளவுதான் “மனசு கேக்க மாட்டேங்குது” என்பதற்கு அர்த்தம்.

பின்னந்தலையில் அடிபட்டால் முன்பக்கம் எப்படிக் காயமாகும் என்று கேட்கலாம். நானும் கேட்டேன். சட்டியில் உறைந்த கெட்டித் தயிரை வேகமாகத் தள்ளிச் சட்டென்று நிறுத்திப் பாருங்கள். மூளை ஓட்டுக்குள் அப்படித்தான் முன்னும் பின்னும் போய் மோதும். அதிலும் கண்குழிக்கு மேல் உள்ள எலும்புத் தளம் கரடுமுரடானது. அதனால் எந்தப் பக்கம் விழுந்தாலும் நெற்றியின் அடிப்பக்கத்து மூளை சிராய்ப்பது தலைக்காயங்களில் சாதாரணமாக நடப்பது. அந்த வட்டத்தின் ஒரு முனை அங்கேதான் இருக்கிறது.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1917இல் வியன்னாவில் கொன்ஸ்டன்டின் வொன் எக்கொனொமோ ‘தூக்க நோய்’ மாதிரியான ஒரு மூளை அழற்சியைப் பற்றி எழுதினார். அடுத்த பத்து வருசம் அது உலகம் பூராவும் பரவியது. பிழைத்தவர்கள் பலருக்குப் பிறகு நடுக்குவாதம் வந்தது. சிலருக்குக் கண் மேலே சொருகி நிற்கும் நேரங்களில் ஒரே எண்ணம் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். ‘அவேக்கனிங்ஸ்’ படத்தில் வருகிற நோயாளிகள் இவர்கள்தான், ஒலிவர் சாக்ஸ் 1973இல் எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்த படம். இன்னொன்று எங்களுக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. வாதக் காய்ச்சல். தொண்டையில் கிருமி தொற்றி, அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புச் சக்தி இதயத்தையே தாக்குகிற நோய், நெருக்கியடித்துக்கொண்டு வாழும் வீடுகளில் சுலபமாகப் பரவும். சில பிள்ளைகளுக்கு அது மூளையின் இதே பகுதியையும் தாக்கி, கைகால் தன்பாட்டில் ஆடும் கோரியா என்ற நிலையைக் கொண்டுவரும். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு ஓ.சி.டி. அறிகுறிகளும் இருப்பதை 1980களின் கடைசியில் அமெரிக்காவில் சூசன் சுவீடோவின் குழு காட்டியது. பன்னிரண்டடிக் காம்பராவில் ஏழு பேர் படுத்துத் தூங்குகிற ஒரு சமூகத்தில் தொண்டை நோவைச் சும்மா விடக்கூடாது என்பதற்கு இதயம் ஒரு காரணம் என்றால், இது இரண்டாவது.

எங்கள் சினிமாவுக்கு மட்டும் இது எட்டவில்லை. தமிழ்ப் படத்தில் தலையில் அடிபட்டால் ஒன்றுதான் நடக்கும், ஞாபகம் போகும். ‘கஜினி’யிலிருந்து ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ வரைக்கும். இரண்டாவது படம் எனக்குப் பிடிக்கும், ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி நம்மைச் சிரிக்கவைப்பார்கள். உண்மைச் சம்பவம் அது, சில நாளில் சரியாகிவிடுகிறது. ஞாபகம் எல்லாம் அப்படியே இருந்து, குணம் மட்டும் மாறிப்போன ஆளை வைத்துப் படம் எடுத்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள் போல.

சித்தப்பாவைக் கடைசியில் மனநலக் கிளினிக்குக் கூட்டிப் போனோம். எளிதாக நடக்கவில்லை. “அங்கொடைக்கு அனுப்பப் போறீங்களா?” என்று அப்பாயி அழுதார். எங்கள் ஊரில் அங்கொடை என்பது ஓர் ஊரின் பெயர் இல்லை, வசைச்சொல். அங்கே இருக்கும் தேசிய மனநல நிறுவனம்தான் 1926 என்ற இலக்கத்தில் போனில் பேச ஆள் வைத்திருக்கிறது, நான் முதலில் பேசியதும் அந்த இலக்கத்துக்குத்தான். அதை அப்பாயியிடம் இன்னும் சொல்லவில்லை.

கிளினிக்கில் இருந்தவர் இளம் டொக்டர். தமிழ் பேசினார். பூசாரி கேட்ட அதே மூன்று கேள்வியை அதே வரிசையில் கேட்டார், நான் சித்தியைப் பார்த்தேன், சித்தி என்னைப் பார்த்தார். பிறகு இன்னொன்று கேட்டார்: “பூட்டினது உங்களுக்கு ஞாபகம் இருக்கா, இல்லாமத்தான் போய்ப் பாக்குறீங்களா?” அது ஏன் முக்கியம் என்று பிறகு சொன்னார். தலைக்காயத்துக்குப் பிறகு சிலர் உண்மையாகவே மறந்துபோய்த்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர்களுக்குச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினால் பாதிப் பிரச்சினை முடியும். சிலருக்கு ஒரு அசைவு சிக்கிக்கொண்ட ரெக்கோட் மாதிரி ஓடும், பயமோ பதற்றமோ இருக்காது. சித்தப்பாவுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, பூட்டாமல் போனால் நெஞ்சு படபடத்தது. பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டில் நெற்றிப் பக்கம் காயம் என்று இருந்தது. ஓ.சி.டி. பெரும்பாலும் பத்து வயதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் தொடங்குகிற நோய், நாற்பது தாண்டி முதல் தடவை வந்தால் வேறு காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும் என்றார். விழுந்ததால்தான் வந்தது என்று நூறு வீதம் எழுதித்தர முடியாது, ஆனால் எல்லாம் அந்தப் பக்கம்தான் கைகாட்டுகிறது என்றார். எனக்கு அந்த நிதானம் பிடித்திருந்தது.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சித்தி கேட்டது ஒன்றே ஒன்று. “அப்ப, அவரு என்னையச் சந்தேகப்படலையா?”

இங்கேதான் நான் கொஞ்சம் பிழை விட்டேன். கெம்பஸுக்குத் திரும்பிப் போய் என் ரூம்மேட்டிடம் பெரிய சந்தோசத்தோடு சொன்னேன்: “சித்தப்பாவுக்கு இருக்கிறது மனநோய் இல்லடி, மூளைக் காயம்!” அவளுக்கும் ஓ.சி.டி. இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று தடவை வாசிக்காமல் திருப்ப மாட்டாள், பரீட்சைக் காலத்தில் அதனால் செத்துப் பிழைப்பாள். அவள் ஒன்றும் கோபப்படவில்லை. “எனக்கு எங்கயும் அடிபடலையே, அப்ப நான்?” என்றாள்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் செய்தது என்ன? முனி அடித்தவன், குடிகாரன், வேலைக் கள்ளன் என்ற பட்டியலிலிருந்து சித்தப்பாவைத் தூக்கி ‘காயம்பட்டவர்’ என்ற மரியாதையான நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, மற்றவர்களை அதே பட்டியலில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். ஸ்கேனில் தெரிந்தால் மரியாதை, தெரியாவிட்டால் பைத்தியம். உண்மை என்னவென்றால் ஓ.சி.டி. உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு எந்தத் தலைக்காயமும் கிடையாது. நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு வாழ்க்கையில் எப்போதாவது வருகிற நோய் இது, குடும்பத்தில் ஓடும், மனஅழுத்தத்தில் கூடும். லொறியிலிருந்து விழுந்தவருக்கும் விழாதவளுக்கும் தடுமாறுவது ஏறத்தாழ அதே வட்டம்தான். ஒருவருக்கு அது எப்போது கெட்டது என்று தேதி தெரியும், மற்றவருக்குத் தெரியாது.

இலங்கையில் பிறந்து லண்டனில் வேலை செய்த உளவியலாளர் பத்மால் த சில்வா, ஸ்டான்லி ரக்மனோடு சேர்ந்து 1978இல் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. எந்த நோயும் இல்லாத சாதாரண ஆட்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு, நோயாளிகளுக்கு வருகிற அதே மாதிரியான வேண்டாத எண்ணங்கள் வந்துபோவதாகச் சொன்னார்கள். கதவு பூட்டலையோ, கை அழுக்கோ, பிள்ளைக்கு நான் ஏதும் செய்துவிடுவேனோ. எல்லாருக்கும் வருகிறது. எங்களுக்குப் போய்விடுகிறது, அவர்களுக்குப் போவதில்லை. ரூம்மேட்டிடம் இதைச் சொன்னபோது “அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல” என்றாள்.

ஆகவே மூளைக் காயத்தைப் பற்றிப் பேசுவது, காயம் இருப்பவர்களுக்கு மட்டும் மரியாதை கேட்பதற்காக இல்லை. பேசவேண்டிய காரணம் வேறு, ரொம்பச் சாதாரணமானது: காயம்பட்டவரைத்தான் முன்கூட்டியே எச்சரிக்க முடியும். எங்கள் மாகாணத்தில் அப்படி எச்சரிக்கப்பட வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய பாதையில் இன்னொரு பஸ், 15 பேர் செத்துப்போனார்கள். செத்தவர்களை எண்ணினோம், விபத்துப் படங்களைப் பகிர்ந்தோம். தலையில் கட்டோடு வீட்டுக்குப் போனவர்களுக்கு ஆறு மாசம் கழித்து என்ன ஆனது என்று யார் கேட்டது? அவர்கள் எல்லாருக்கும் ஓ.சி.டி. வரும் என்று சொல்லவில்லை, பெரும்பாலானோருக்கு வராது. எரிச்சல், மறதி, மந்தம், மனச்சோர்வுதான் அதிகம் வருவது. ஆனால் எதுவாக இருந்தாலும் வீட்டில் உள்ளவர்களுக்கு அது ‘குணம்’ என்றுதான் தெரியும்.

பஸ் மட்டுமா? மலையில் சறுக்கி விழுகிறவர்கள், மரக்கிளை முறிந்து தலையில் விழுந்தவர்கள், லொறியில் தொற்றிக்கொண்டு போகிறவர்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விரல், கை, கால், கண் என்று இழப்புக்குக் கணக்கு வைத்திருக்கிறது. இருபத்திரண்டு நிமிடம் கதவுக்கும் படிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு பிரட்டுக்குப் பிந்துகிறவரை எந்த விரலின் கணக்கில் சேர்ப்பது? சங்கத் தலைவர்கள் சம்பள மேடையில் இதைப் பேசி நான் கேட்டதில்லை. அரைப்பேர் போட்ட ஒவ்வொரு நாளும் சம்பளப் பிரச்சினைதானே.

இன்னொன்று, மொழி. முதல் ஒன்றரை வருசம் சித்தப்பா மாசா மாசம் கிளினிக் போய்க்கொண்டுதான் இருந்தார். நேர்ஸும் டொக்டரும் சிங்களம், எழுதுகிறது இங்கிலிஸ். சித்திக்குத் தெரிந்த சிங்களம் சந்தையில் படித்தது. ‘மனசு கேக்க மாட்டேங்குது’ என்பதைச் சந்தைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? அதனால் ஒவ்வொரு தடவையும் தனக்குத் தெரிந்த ஒரே வசனத்தைச் சொல்லியிருக்கிறார்: “ஒளுவ ரிதெனவா.” தலை வலிக்குது. கொப்பியில் பக்கம் பக்கமாகத் தலைவலி, தலைவலி, பனடோல். யாரையும் குறை சொல்ல வரவில்லை, அந்தக் கூட்டத்தில் ஒரு ஆளுக்குக் கிடைப்பது சில நிமிடம். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாள் கொடுக்கலாம். ‘தலையில் அடிபட்ட பிறகு ஆளின் பழக்கவழக்கம் மாறலாம். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறாரா? புதிதாகக் கோபம் வருகிறதா? சொன்னால்தான் செய்கிறாரா? அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள்.’ நாலு வரி. அச்சடிக்க ஒரு ரூபா ஆகுமா? அந்த நாலு வரி வீட்டில் இருந்திருந்தால் சித்தி மடுல்சீமைக்கு பஸ் ஏறியிருக்க மாட்டார்.

அந்தத் தாள் வரும்வரைக்கும், தலையில் அடிபட்ட ஆள் இருக்கிற வீட்டுக்குப் பக்கத்தில் நீங்கள் இருந்தால், பூசாரியின் கேள்வியைக் கேளுங்கள். அதற்கு டிகிரி தேவையில்லை.

சித்தப்பா இப்போது ஃபுளுஒக்செற்றின் போடுகிறார். ஓ.சி.டி.க்கு அது வேலை செய்யவே இரண்டு மூன்று மாசம் போகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள், அதனால் ஒரு மாசத்தில் நிறுத்தவில்லை. மாத்திரையோடு ஒரு பயிற்சியும் இருக்கிறது. பூட்டிவிட்டு, படபடப்போடேயே திரும்பாமல் நடப்பது, படபடப்பு தானாக இறங்கும்வரை பொறுப்பது. சித்திக்கும் பயிற்சி உண்டு. முன்பெல்லாம் “பூட்டியாச்சு, பூட்டியாச்சு, நான் பாத்தேன்” என்று ஆறுதல் சொல்வார், அப்படிச் சொல்லச் சொல்லத்தான் கேட்கிற பழக்கம் கூடுமாம். இப்போது சொல்வதில்லை. வாயை மூடிக்கொண்டு நிற்பது அவருக்கு மாத்திரை விழுங்குவதை விடக் கஷ்டம்.

நான் கண்டிக்கு ரயில் ஏறவேண்டிய அன்று காலையில் சித்தப்பாவும் பதுளை ஸ்டேசன்வரை வருவதாகச் சொன்னார். தாழ்ப்பாள், பூட்டு, மூன்று இழுவை, நாலு எட்டு. திரும்பினார். மறுபடி. சித்தி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். மூன்றாவது தடவை படியில் நின்றவர் திரும்பவில்லை. உள்ளங்கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, “வா புள்ள, ரயிலு போயிரும்” என்று எனக்கு முன்னால் இறங்க ஆரம்பித்தார். வளைவு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டுக்களை எண்ணிக்கொண்டு வந்தார் என்று நினைக்கிறேன்.